சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் காளான் பயிர்

பூமிக்கு அடியில் வாழும் மக்கள் எதை உண்டு உயிர்வாழ்வார்கள் என்ற கேள்விக்குக் கற்பனைக் கதைகளைப் படைத்தோர் பெரும்பாலும் காளானையே விடையாகத் தந்துள்ளனர். 1864-இல் வெளிவந்த, பூமியின் மையத்தை நோக்கிய பயணத்தைச் சொல்லும் நாவலில் ஜூல் வெர்ன் நிலத்தடிக் கடலின் கரையில் மரம்போல் உயர்ந்த வெள்ளைக் காளான்களின் காட்டையே படைத்தார். 2006-இல் வெளியான 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்னும் கணினி விளையாட்டில், மலைக்குள் குடியிருக்கும் குள்ளர்கள் 'பிளம்ப் ஹெல்மெட்' என்னும் ஊதாநிறக் காளானை ஆண்டின் நான்கு பருவங்களிலும் விதைத்து, பச்சையாகவும் சமைத்தும் உண்பதோடு அதிலிருந்து மதுவும் வடிக்கின்றனர். இருட்டும் ஈரத்தரையும் இருந்தால் காளான் தானே விளைந்துவிடும் என்ற எண்ணமே இத்தகைய கற்பனைகளுக்கு அடிப்படை. ஆனால் பிரான்சு நாட்டில் கைவிடப்பட்ட கல்சுரங்கங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் காளான் வளர்த்தவர்களின் தொழிலை அருகிருந்து காணும்போது, அதில் இருளுக்குரிய பங்கு மிகச் சிறியது என்பதும், மிகப் பெரிய பங்கு மனித உழைப்புக்கே உரியது என்பதும் தெளிவாகும்.

அங்கே வளர்க்கப்படுவது மொட்டுக் காளான்; பிரெஞ்சு மக்கள் அதைப் 'பாரிஸ் காளான்' என்பர். குதிரை லத்தியிட்ட பாத்திகளில் இது வளர்க்கப்படும் முறையைத் தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் 1707-இலேயே விளக்கியிருந்தார் என்றாலும், அக்காலத்தில் அது திறந்தவெளித் தோட்டப் பயிராகவே இருந்தது. 1810-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷாம்ப்ரி என்ற தோட்டக்காரர் அதைப் பாரிஸின் பழைய கல்சுரங்கங்களுக்குள் கொண்டுசென்றதாக மரபாகக் கூறப்படுகிறது. பாரிஸ் நகரைக் கட்டுவதற்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்பட்ட அச்சுரங்கங்களில், வெளியே பனி பொழிந்தாலும் வெயில் கொளுத்தினாலும் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. காற்றின் ஈரமும் குறைவதில்லை. காளானுக்குத் தேவையானது இந்த மாறாத தன்மையே. பச்சையம் இல்லாத உயிர் ஆதலால் உணவு ஆக்க அதற்கு ஒளி வேண்டியதில்லை. எனினும் இருள் அதற்கு உணவு ஊட்டுவதுமில்லை.

உணவு ஊட்டும் வேலை சுரங்கத்துக்கு வெளியே தொடங்குகிறது. குதிரைவண்டிகள் நிறைந்த பழைய பாரிஸில் லாயங்களிலிருந்து வைக்கோல் கலந்த லத்தி தட்டின்றிக் கிடைத்தது. அதைக் குவித்து நீர் தெளித்தால், நுண்ணுயிர்கள் பெருகி, குவியலின் உட்பகுதி அறுபது, எழுபது பாகை வரை சூடேறும். வெளிப்புற வைக்கோல் உட்புறமும் உட்புறத்தது வெளிப்புறமும் வருமாறு குவியல் முழுவதையும் கவைக்கோலால் புரட்டிப் போட வேண்டும். இப்படிப் பலமுறை புரட்டிய பிறகே அது கம்போஸ்ட் எனப்படும் மக்கிய ஊட்டப்பொருளாகப் பக்குவப்படும். பக்குவம் அறிய வளர்ப்பாளர் கையாளும் சோதனை மிக எளியது: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது, கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும். அந்நெடி மிஞ்சியிருந்தால் காளானின் இழைகள் அதற்குள் பரவ மாட்டா. இத்தொழிலின் அறிவில் பெரும்பகுதி இந்தப் பிடிக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பக்குவப்பட்ட கம்போஸ்டைச் சுரங்கத்தில் இறக்குவதும் எளிதாக இருக்கவில்லை. 1870-இல் காளான் வளர்ப்பு பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் ராபின்சன், பாரிஸ் அருகே ஒரு சுரங்கத்துக்குக் கிணறு போன்ற துளை வழியாக, நெடிய கம்பத்தில் குறுக்கே செருகிய குச்சிகளையே படிகளாகக் கொண்டு இறங்க நேர்ந்ததைப் பதிவு செய்துள்ளார். தொழிலாளர்கள் நாள்தோறும் ஏறி இறங்கிய வழி அது. கீழே அவர்கள் கம்போஸ்டை நீண்ட வரப்புகளாகக் குவித்து, முழந்தாளிட்டுக் கையால் அழுத்தி உருவாக்கினர்; இடுக்கான இடங்களில் நிமிர்ந்து நிற்கவும் முடியாது.

பின்னர் வித்து இடப்படும். வித்து என்பது விதை அன்று. காளானின் மைசீலியம், அதாவது நூல்போன்ற வெள்ளை இழைகள், ஊடுருவிப் படர்ந்த ஊட்டப்பொருளே அது. 1890-களில் பாஸ்டர் நிறுவனத்தில் கிருமியற்ற தூய வித்து உருவாக்கப்படும் வரை, பழைய பாத்திகளிலிருந்தும் லத்திக் குவியல்களிலிருந்தும் பெயர்த்தெடுத்த துண்டுகளே பயன்பட்டன. அவற்றோடு நோயும் சேர்ந்தே பரவியது. இழைகள் பாத்தி முழுவதும் படர்ந்ததும், சில சென்டிமீட்டர் கனத்துக்கு மேல்மண் இடப்படும். சுரங்கவாசிகள் அதற்குத் தேர்ந்தது காலடியில் கிடந்த கல்தூளையே: சுண்ணாம்புக்கல் துகளைச் சலித்து, மண்ணுடன் கலந்து நனைத்து, பாத்தியின்மேல் பூசினர். ஊட்டமற்றதும் ஈரம் காப்பதுமான இவ்வடுக்கை எட்டும்போதுதான் இழைகள் படர்வதை விட்டு மொட்டு விடத் தொடங்குகின்றன. மேல்மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் மொட்டு விடுவதைத் தடுக்கும் ஆவிப்பொருள்களை அகற்றுகின்றன என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அறிவியல் விளக்கம் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்பே கைப்பழக்கத்தால் இதைக் கண்டறிந்த பெயர் தெரியாத தொழிலாளர்கள், இத்துறையின் வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

பறிப்போரின் வேலை இன்னும் நுணுக்கமானது. மொட்டு தோன்றியபின் காளான் ஏறத்தாழ ஒரே நாளில் இருமடங்காகப் பருக்கும். குடையின் அடியிலுள்ள மெல்லிய சவ்வு கிழிவதற்குள் பறித்துவிட வேண்டும். பறிப்பவர் குடையை மூன்று விரலால் பற்றி, இழுக்காமல், இலேசாகத் திருகி எடுத்து, மண் ஒட்டிய அடிக்காம்பைச் சிறு கத்தியால் ஒரே வெட்டில் நீக்கிக் கூடையில் இடுகிறார். இழுத்தால் பக்கத்து மொட்டுகளின் இழைகள் அறுந்து அவை கருகிவிடும். ஒரு பாத்தியில் காளான் ஏறத்தாழ வாரம் ஒரு முறையாக அலை அலையாக வெடிக்கும். அடுத்தடுத்த அலைகளில் விளைச்சல் குறைந்துகொண்டே போகும். தலையில் கட்டிய விளக்கொளியில், குனிந்த முதுகோடு, குளிரும் ஈரமும் சூழச் செய்யப்படும் வேலை இது.

சுரங்கத்தின் மாறாத ஈரம் பகைக்கும் துணைபோனது. 'மோல்' என அங்கே வழங்கும் பூசணநோய் தாக்கினால், காளான் குடையும் காம்பும் இன்றி உருவழிந்த கட்டியாகி அழுகும். விளைச்சல் குன்றிய கூடத்தை விட்டு வளர்ப்பாளர்கள் வேறு சுரங்கம் தேடிச் சென்றனர். இவ்வாறு இடம்பெயர்ந்ததாலும், பாரிஸ் நகரம் விரிவடைந்ததாலும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொழில் லுவார் ஆற்றங்கரையிலுள்ள சோமூர் வட்டாரத்துக்குப் பரவியது. அரண்மனைகளுக்காக வெட்டப்பட்ட 'துஃபோ' என்னும் மென்மையான சுண்ணாம்புக்கல்லின் சுரங்கங்கள் அங்கே ஏராளம்.

இன்று உலகச் சந்தையை நிரப்பும் தூய வெள்ளை வகை 1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தற்செயலாகத் தோன்றிய திரிபிலிருந்து வந்தது. வெப்பமும் காற்றும் கருவிகளால் கட்டுப்படுத்தப்படும் அறைகளில் அடுக்கடுக்கான தட்டுகளில் அதை வளர்க்கும் போலந்து, நெதர்லாந்து, சீன உற்பத்தியோடு, இயந்திரம் நுழைய இடமில்லாத குறுகிய சுரங்கங்கள் விலையில் போட்டியிட முடியவில்லை. பாரிஸைச் சுற்றி இன்று விரல்விட்டு எண்ணத்தக்க வளர்ப்பாளர்களே எஞ்சியுள்ளனர். அவர்களில் பலர் பழுப்பு வகைக்கு முதன்மை தந்து, பறித்த நாளிலேயே அருகிலுள்ள உணவகங்களுக்கும் வாரச் சந்தைகளுக்கும் அனுப்பி, அதற்குரிய கூடுதல் விலையைக் கொண்டே தொழிலை நடத்துகின்றனர். குனிந்து பறிக்கும் வேலைக்கு ஆள் கிடைப்பதே அவர்களின் முதல் கவலை. அந்த விலையில் நியாயமான பங்கு பறிப்பவரின் கூலியாகச் சேராதவரை அக்கவலை தீராது.