அந்தியூர்க் குதிரைச் சந்தையில்

ஈரோடு மாவட்டத்து அந்தியூரிலே, ஆடி மாதத்துக் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் பெரியதொரு கால்நடைச் சந்தை கூடுகின்றது. கொங்கு நாட்டுக் கமக்காரரான நண்பரொருவர் அங்கே பொலிகுதிரை தேடிப் புறப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்து விருந்தாகச் சென்றிருந்த நாமும் உடன் புறப்பட்டோம்.

பர்கூர் மலையின் செந்நிற மாடுகளைக் கடந்தால் குதிரைகள். கத்தியவார், மார்வார் இனங்களின் காதுகள் உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி முட்டுமாப்போல் நிற்கும். ஓரிடத்தில் வெண்குதிரையொன்று மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. சனக்கூட்டமெல்லாம் அங்கேதான். நாமும் வாய்பிளந்து நின்றோம். நண்பரோ அதன் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் இல்லாமலில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு சந்தையில், "சுழி சுத்தம்" என்ற சொல்லை நம்பி அழகான பொலிகுதிரையொன்றை அவர் வாங்கியிருந்தார். குதிரையின் மேனியிலுள்ள மயிர்ச்சுழிகள் அமைந்த இடத்தைக்கொண்டு நன்மை தீமை கணிப்பது அப்பக்கத்து வழக்கம். சுழியிலே குறையில்லை. ஆனால் அதற்குப் பிறந்த குட்டிகளின் பின்னங்கால் முட்டிகள் ஒன்றோடொன்று உரசின. வண்டிக்கும் உதவவில்லை, சவாரிக்கும் உதவவில்லை. அயலூரார் சிலரும் தம் பெட்டைக் குதிரைகளை அதனிடமே கொண்டுவந்திருந்தார்கள்.

"பெட்டை வருசத்துக்கு ஒரு குட்டிதானுங்க போடும். ஆணோட குத்தம் ஊரெல்லாம் பரவிப் போயிருமுங்க. அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றார்.

அவருக்கு வேண்டியது ஆடும் குதிரையன்று. வண்டியிழுக்கவும், ஆளேற்றவும், கலியாண ஊர்வலத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரளாமல் நிற்கவும் வல்ல குட்டிகளைத் தரக்கூடியது. எனவே முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். இரண்டரை வயதளவில் பாற்பற்களில் நடு இரண்டு விழுந்து புதியன முளைக்கும். மூன்றரையில் நான்கு, நாலரையில் ஆறு. அதன்பின் குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார். கல்லுத் தரையில் நடத்தச் சொன்னார். கடைசியில், "இதோட குட்டி எங்கீங்க?" என்று கேட்டார். பல வியாபாரிகள் இக்கேள்விக்கு வேறெங்கோ பார்த்தனர்.

வெண்குதிரைக்குரிய தரகர் துண்டுக்கடியில் நண்பரின் விரல்களைப் பிடித்து விலை பேசினார். என்ன விலையென்று நமக்கு விளங்கவில்லை. நண்பர் கையை இழுத்துக்கொண்ட வேகம் மட்டும் விளங்கியது.

தேநீர்க் கடையில் ஒரு வியாபாரி, எம் நாட்டிலே குதிரை உண்டோ என்று வினவினார். நெடுந்தீவைப் பற்றிச் சொன்னோம். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. குதிரைகளோ உரிமையாளரின்றி வெளியிலே திரிகின்றன. "அப்போ பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்கிறது யாருங்க?" என்றார். சண்டையில் வெல்லும் குதிரை ஒரு பாதி, கோடையில் தண்ணீரில்லாத வெளி மறுபாதி என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை.

மாலையில், சந்தையின் கோடியிலே, செம்பழுப்பு நிறக் கிழக்குதிரையொன்றைக் கண்டோம். முதுகு சற்றே தாழ்ந்துவிட்டது, பார்க்க ஆளில்லை. ஆனால் அதன் குட்டிகள் மூன்று பக்கத்திலேயே தத்தம் தாயோடு நின்றன. மூன்று தாயும் வேறுவேறு, மூன்றின் கால்களும் நேர். நண்பர் குட்டியொன்றின் வயிற்றுக்கடியில் கையை விட்டுத் தடவினார், அது அசையவில்லை. அக்குதிரையை அவர் வாங்கவில்லை. ஆவணியில் தமது பெட்டைகள் இரண்டையும் அதனிடம் கொண்டுவருவதாகப் பேசிக் கூலியை முன்னதாகவே கொடுத்தார். வாங்கவென்று கொண்டுவந்த பணத்தின் பெரும்பகுதி மடியிலேயே இருந்தது.

குதிரையின் சினைக்காலம் ஏறக்குறைய பதினொரு மாதம். அடுத்த ஆடியிலே கடிதம் வந்தது: ஒரு பெட்டை சினைப்படவில்லை, மற்றது குட்டி போட்டிருக்கிறது, ஆண்குட்டி. முன்பு நட்டப்பட்ட அயலூரார் ஒருவர் வந்து, அதன் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, காப்பி குடித்துப் போனாராம்.