சிங்கப்பூரில் எட்டு நாட்கள்

நமது சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் ஜீவனத்தின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு இந்த நாகபுரிக்கு வந்தவர்கள். ஆகையால் வெளியூர் வாசத்தைப் பற்றி அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும், நாட்டையே விட்டுச் சென்று உழைப்பவர்களின் நிலை எத்தகையது என்பதைச் சென்ற 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எட்டு நாட்கள் நேரில் கண்டு வந்தேன். நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அப்பக்கம் செல்லக் கருதும் இக்காலத்தில், கண்டதையும் கேட்டதையும் எழுதி வைப்பது ஓரளவு பயன்படும் என்று நம்புகிறேன்.

நான் ரெயில்வே பார்சல் ஆபீஸில் ஒரு குமாஸ்தா. மெட்ரிக் வரை படித்தவன். ஆகாய விமானத்தில் ஏறுவேன் என்று கனவிலும் எண்ணியவனல்லன். என்னை அனுப்பியவர் என் மாமியார். அவருடைய ஒரே மகன், அதாவது என் மைத்துனன், 2017 முதல் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மனைவியும் நான்கு வயது மகனும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் மாமியாருடன் இருக்கின்றனர். “நிரந்தரவாசத்துக்கு எழுதிப் போடலாமா என்று யோசிக்கிறேன்” என்று அவன் தொலைபேசியில் சொன்ன நாள் முதல் அந்த அம்மையாருக்கு உறக்கமில்லை. “மாப்பிள்ளை, நீங்கள் ஒருமுறை போய், அவன் அங்கேயே தங்கிவிடப் போகிறானா, திரும்பி வருவானா என்று தெரிந்துகொண்டு வாருங்கள். போனில் கேட்டால் அவன் உண்மை சொல்லமாட்டான்” என்றார். பயணச் செலவை மைத்துனன் ஏற்றுக்கொண்டான். வெளிநாடு செல்ல இலாகா அனுமதி பெற்று, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சேர்ந்து, அங்கிருந்து திருச்சிக்குச் சென்று விமானம் ஏறினேன்.

விமானம் நிறைய நம் மாவட்டத்து இளைஞர்கள். பலருடைய பைகளில் ஊறுகாய்ப் பாட்டிலும் கருவாட்டுப் பொட்டலமும் இருந்தன. நான்கு மணி நேரத்தில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். அறிவிப்புப் பலகைகளில் ஆங்கிலம், சீனம், மலாய் மொழிகளோடு தமிழும் இருப்பதைக் கண்டு மனம் மகிழ்ந்தது. அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. நாகபுரி ஸ்டேஷனில் பதின்மூன்று ஆண்டுகளாகப் பணி செய்யும் எனக்கு, வேலை செய்யுமிடத்தில் தமிழ்ப் பலகையைக் காணும் பாக்கியம் இதுவரை கிட்டியதில்லை!

நகரின் தூய்மையையும் பூங்காக்களையும் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். ஆகவே நேராகச் சிராங்கூன் சாலைக்கு வருகிறேன். தேக்கா சந்தையும் வீரமாகாளியம்மன் கோயிலும் உள்ள அந்த வட்டாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர்த் திருவிழாவை நினைவூட்டும். தீவின் ஓரங்களிலுள்ள தொழிலாளர் விடுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர் அன்று இங்கே வந்து கூடுகின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புவோர், காய்கறி வாங்குவோர், புல்தரையில் அமர்ந்து வீட்டாருடன் முகம் பார்த்துப் பேசுவோர் என்று எங்கும் கூட்டம். அக்கூட்டத்தில்தான் என் மனைவியின் ஊரைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தேன். மாமியார் வீட்டுக்கு அடுத்த தெரு. வயது நாற்பத்தாறு. 2006-இல் காணி நிலத்தை ஒத்திக்கு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டிக் கட்டட வேலைக்கு வந்தவர். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஊருக்கு ஏழு தடவை வந்திருக்கிறார்.

அவர் எங்களை அழைத்துக்கொண்டு நடந்தபடியே தாம் வேலை செய்த கட்டடங்களைக் காட்டினார். “அதோ தெரிகிறதே, அதில் பதினான்காவது மாடி வரை நான் இருந்தேன் மாப்பிள்ளை. அப்புறம் பூமிக்கடியில் ரெயில் போடும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்” என்றார். “இத்தனை ஆண்டு உழைத்த உங்களுக்கு நிரந்தரவாசம் கேட்கலாம் அல்லவா?” என்றேன். அவர் சிரித்துவிட்டு என் மைத்துனனைப் பார்த்தார். “அத்தான், அவர் கையில் இருக்கும் சீட்டு வேறு, என் கையில் இருக்கும் சீட்டு வேறு” என்றான் அவன். அன்று இரவு தங்கும் விடுதியில் அமர்ந்து அவன் எனக்கு விளக்கியதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

சிங்கப்பூரில் 2025 ஜூன் கணக்குப்படி மொத்த ஜனத்தொகை ஏறக்குறைய 61 லட்சம். இதில் குடிமக்கள் 36 லட்சத்துக்கு மேல். நிரந்தரவாசிகள் சுமார் 5.4 லட்சம். எஞ்சிய 19 லட்சம் பேர் வேலைக்காகவும் படிப்புக்காகவும் உறவினருடன் இருப்பதற்காகவும் வந்து தங்கியுள்ள அயல்நாட்டினர். வேலைக்கு வருவோருக்கு மனிதவள அமைச்சு வழங்கும் அனுமதிகளுள் மூன்று முக்கியமானவை. கட்டட வேலை, கப்பல் பட்டறைக் கூலி வேலை, வீட்டு வேலை போன்றவற்றுக்கு ‘ஒர்க் பெர்மிட்’. நடுத்தரத் தொழில்நுட்பப் பணிகளுக்கு ‘எஸ் பாஸ்’. உயர்ந்த உத்தியோகங்களுக்கு ‘எம்பிளாய்மெண்ட் பாஸ்’; இதற்கு 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி மாதச் சம்பளம் வேண்டும்.

இம்மூவரில் பின்னைய இருவர் மட்டுமே தம் வேலையின் பேரில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் விண்ணப்பிக்க இடமே இல்லை. பத்தொன்பது ஆண்டு இருந்தாலும் முப்பது ஆண்டு இருந்தாலும் விதி ஒன்றுதான். மலேசியர் அல்லாத ஒர்க் பெர்மிட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்கிறார். வந்தவர் வேலை முடிந்ததும் திரும்பிச் செல்வார் என்பது அந்தப் பிணையின் நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே அவர் இறங்கும் நாளிலேயே திரும்புவதும் எழுதப்பட்டுவிடுகிறது. முன்னர் இத்தொழிலாளருக்கு இத்தனை ஆண்டுதான் என்ற உச்சவரம்பும் இருந்தது. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அது நீக்கப்பட்டு, 63 வயது வரை வேலை செய்யலாம் என்றாயிற்று. நம் ஊர்க்காரர் இதைச் சந்தோஷமாகவே சொன்னார்: “இன்னும் பதினேழு வருஷம் வேலை பார்க்கலாம் மாப்பிள்ளை. மகள் நர்ஸ் படிப்பை முடித்துவிடுவாள்.” வேலை பார்க்கலாம்; குடியிருக்க முடியாது. இந்த வேறுபாட்டை அவர் நெடுநாள் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டார் போலும்.

“அப்படியானால் அவர் எஸ் பாஸுக்கு மாறலாகாதா?” என்று கேட்டேன். மாறியவர்கள் உண்டு. அதற்குப் பட்டமோ, டிப்ளமாவோ, உரிய தொழிற்பயிற்சிச் சான்றிதழோ வேண்டும். முதலாளி தமது ஆட்களில் ஒரு வரம்புக்குட்பட்ட பங்கினரையே எஸ் பாஸில் வைத்துக்கொள்ளலாம். சம்பளமும் போதிய அளவு இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்கு, நிதித்துறை நீங்கலாக, 3,300 வெள்ளி என்பது ஆரம்ப அளவு. வயது ஏற ஏற அதுவும் ஏறி, 45 வயதில் 4,800 வெள்ளியை எட்டிவிடுகிறது. நம் ஊர்க்காரர் வாங்குவது ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்குச் சற்று மேல். இளமையில் 3,300-க்கே எட்டாதவரிடமிருந்து வயது அந்தப் படியை மேலும் தூரமாக்கிவிட்டது.

என் மைத்துனன் பாலிடெக்னிக்கில் டிப்ளமா பெற்றவன். எஸ் பாஸில் 4,300 வெள்ளி வாங்குகிறான். ஆனால் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ளும் அனுமதிக்கு மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். எனவே அவனும் தனியாளாகவே எட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டான். நிரந்தரவாச விண்ணப்பத்தில் மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளையும் சேர்த்தே எழுதலாம். அவன் எண்ணமெல்லாம் இதைப் பற்றியதே.

விண்ணப்பத்தைக் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துக்குக் கணினி வழியாக அனுப்ப வேண்டும். கட்டணம் தலைக்கு நூறு வெள்ளி. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பாது. குடும்பத் தொடர்பு, பொருளாதாரப் பங்களிப்பு, கல்வி, வயது, குடும்ப நிலை, தங்கியிருந்த காலம், அச்சமூகத்தோடு கலந்து வேரூன்றும் மனம் ஆகிய யாவற்றையும் சீர்தூக்குவர். இத்தனை மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி என்ற கணக்கு வெளியிடப்படுவதில்லை. மறுத்தால் காரணமும் கூறப்படுவதில்லை. 2024-இல் நிரந்தரவாசம் பெற்றோர் சுமார் 35,000 பேர்.

பெற்றவருக்கு நீல நிற அடையாள அட்டை கிடைக்கும்; குடிமக்களின் அட்டை இளஞ்சிவப்பு. நிரந்தரவாசி தம் இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொள்ளலாம். அங்கே வாக்குரிமை இல்லை. முதலாளியும் அவரும் மத்திய சேம நிதியில் பணம் கட்டுவர். வெளிநாடு சென்று அதே தகுதியோடு திரும்ப வேண்டுமானால் மறுநுழைவு அனுமதி வேண்டும். அதைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே ‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்குள்ளேயும் ஒரு தவணை இருக்கிறது! குடியுரிமை கோருவது அதற்கு அப்பாற்பட்ட படி. அதைப் பெற்றால் நம் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும்.

“இவ்வளவும் தெரிந்தும் ஏன் இன்னும் எழுதிப் போடவில்லை?” என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பின்பு சொன்னான்: “எனக்குத் தேசிய சேவை கிடையாது அத்தான். ஆனால் என் பேரில் நிரந்தரவாசம் பெறும் மகனுக்கு உண்டு. பதினெட்டு வயதில் இரண்டு வருஷம் ராணுவத்திலோ போலீஸிலோ இருக்க வேண்டும். அதைத் தட்டிவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தால், பிறகு அவன் இங்கே படிக்கவோ வேலைக்கு வரவோ நினைத்தால் அது குறுக்கே நிற்கும். நான்கு வயதுப் பிள்ளையைக் கேளாமல் அவனுக்காக நான் கையெழுத்துப் போடலாமா?” இக்கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.

மறுநாள் எனக்கு விருப்பமாயிருக்கும் என்று கருதிப் பழைய புக்கித் தீமா ரெயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்றான். மலாயா ரெயில்வேயின் சிறிய செங்கல் நிலையம் அது. 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அவ்வழியே வண்டிகள் நின்றுவிட்டன. கட்டடத்தைச் செப்பனிட்டு 2022-இல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றனர். ஒற்றைப் பாதையில் டோக்கன் கொடுத்து வாங்கும் பழைய முறை அங்கே கடைசி வரை நடந்ததாம். நம் இலாகா அன்பர்களுக்கு அது தெரிந்ததே: டிரைவர் கையில் டோக்கன் இல்லாவிட்டால், வண்டி எத்தனை மணி நேரம் காத்து நின்றிருந்தாலும் அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. எனக்கு உடனே நம் ஊர்க்காரர் நினைவு வந்தது.

முற்காலத்தில் நிலைமை வேறு. 1957-இல் அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பல ஆண்டுகள் குடியிருந்தவர்கள் பதிந்துகொள்ள வழி பிறந்தது. 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள், தமிழர்கள் தயங்காமல் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வேண்டுமென்று இடைவிடாது வற்புறுத்தினார். அன்று பதிந்துகொண்ட கூலிகளின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டு மக்கள். அன்று ஆண்டுகள் பேசின. இன்று அட்டை பேசுகிறது. சிறிய தீவு, இடமும் குறைவு. அவர்கள் கணக்கு அவர்களுக்கு. அதைக் குறை கூற நான் யார்? ஆயினும் நாகபுரிக்கு மாற்றலாகி வந்தபோது ஒருவரும் என்னிடம் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தந்திருக்கிறது. அதன் அருமையை அங்கே சென்ற பிறகே உணர்ந்தேன்.

திரும்பும் வழியில் மாமியார் வீட்டில் இறங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பேரனுக்குப் பதினெட்டாக இன்னும் பதினான்கு வருஷம் இருக்கிறதே. அதுவரை அப்பன் முகம் தெரியாமலா வளர்வான்? எழுதிப் போடச் சொல்லுங்கள்” என்றார். சற்றுப் பொறுத்து, “அடுத்த தெருப் பையன் எப்படி இருக்கிறான்? அவன் தாயார் தினமும் வந்து கேட்கிறாள்” என்றார். அவர் நலமாக இருக்கிறார், எப்படியும் திரும்பிவிடுவார் என்று சொன்னேன். எப்பொழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்பர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை கடல் கடந்து செல்லப் புறப்பட்டால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எந்தச் சீட்டில் அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஏஜெண்டு வாய்ச்சொல்லை நம்பாமல், அந்த அமைச்சு வழங்கும் அனுமதிக் கடிதத்தைப் பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். சிறுவனாக இருந்தால் ஒரு டிப்ளமாவையேனும் முடித்துவிட்டுச் செல்லச் சொல்லுங்கள். ஓர் ஆண்டு தாமதம், பின்னர் இருபது ஆண்டுத் தனிமையைத் தவிர்க்கலாம்.

என் மைத்துனன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். முடிவு தெரிய ஆறு மாதம் வரை ஆகுமாம். வந்ததும் இப்பக்கங்களிலேயே தெரிவிக்கிறேன்.