வரியிறுப்போரும் தண்ணீர் அள்ளுவோரும்

ஆங்கில இலக்கியம் பயில்வோர் யோர்க்ஷயரின் மலைச்சாரலில் உள்ள ஹாவேர்த் என்னும் சிற்றூரை அறிவர். சாளற், எமிலி, ஆன் என்னும் புறொன்ரி சகோதரிகள் வாழ்ந்து எழுதிய ஊர் அது. கலைப்பீட மாணவனான எனக்கும் அவ்வூர் அவர்தம் நாவல்கள் வாயிலாகவே அறிமுகமாயிற்று. ஆயினும், இன்று ஹாவேர்த் என்றதும் என் நினைவில் முதலில் எழுவது ஹீத்கிளிப் அல்லன், 69 மலசலகூடங்களே. நண்பர்கள் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. நகைப்புக்குரிய விடயமன்று அது.

சகோதரிகளின் தந்தையாரான பற்றிக் புறொன்ரி அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர். ஊரில் இறந்தோரை அடக்கஞ் செய்வது அவர் கடமை. ஆதலின் மரணத்தின் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. 1848 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், வரியிறுப்போரில் பத்தில் ஒரு பங்கினர் விண்ணப்பித்தால் இலண்டனிலுள்ள பொதுச் சுகாதார சபை ஒரு பரிசோதகரை அனுப்பலாம் என விதித்தது. 1849 இல் ஹாவேர்த்திலிருந்து அத்தகைய விண்ணப்பம் சென்றது. அதன் முன்னணியில் நின்றவர் குருவானவரே.

1850 இல் பரிசோதகராக வந்தவர் பென்ஜமின் ஹேர்ஷல் பபேஜ். கணிப்பொறியின் முன்னோடி எனப் போற்றப்படும் சாள்ஸ் பபேஜின் மகன் இவர். இவரது அறிக்கை அணியலங்காரம் எதுவுமற்றது. ஆயினும் படிப்போர் நெஞ்சை உலுக்குவது. ஊரில் கழிவுநீர்க் கால்வாய் இல்லை. ஏறத்தாழ நான்கரை வீட்டுக்கு ஒரு மலசலகூடம். இறந்தோரின் சராசரி வயது 25.8. பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 41.6 வீதமானவை ஆறு வயதை எட்டுமுன் மடிந்தன. தேவாலய மயானத்தில் பத்தாண்டுகளில் 1344 உடல்கள் புதைக்கப்பட்டிருந்தன. கோடையில் ஊற்று வற்றும்போது, திங்கட்கிழமைச் சலவைக்குத் தண்ணீர் அள்ள ஏழைகள் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே சென்றனர். அந்நீர் சில வேளைகளில் பச்சை நிறமுற்று நாறியது. ஓட்டிச் சென்ற மாடுகளும் ஒருமுறை வாய்வைத்தபின் முகந் திருப்பிக்கொண்டன. மாடு மறுத்த நீரை மறுக்கும் வசதி மனிதருக்கு இருக்கவில்லை.

இவ்வளவும் எழுத்தில் வந்தபின் எதிர்ப்பு எவ்வாறு எழுந்தது? விரிவுரைக்குப் பின் நிகழ்ந்த விவாதமொன்றில் நண்பர் ஒருவர், “அக்காலத்தவரின் அறியாமையே காரணம்” என்றார். அவ்விளக்கம் எனக்கு உடன்பாடானதன்று. எதிர்த்தோருள் முன்னின்றவர்கள் வசதி படைத்தோர். அவர்களுக்குச் சொந்தமாக நல்ல நீர் இருந்தது. பிறர் குடிக்கும் நீருக்குத் தாம் ஏன் வரி இறுக்க வேண்டும் என்பதே அவர்களது கேள்வி. இது அறியாமையன்று, கணக்கு.

அவர்களுக்கு வாய்ப்பான வாதம் ஒன்றும் அந்நாளில் நாடெங்கும் ஒலித்தது. எங்கள் ஊரை நாங்களே ஆளுவோம். இலண்டனுக்கு இங்கு என்ன வேலை என்பதே அது. பொதுச் சுகாதார சபையின் உயிர்நாடியாக விளங்கிய எட்வின் சட்விக் 1854 இல் பதவி இழந்ததற்கும் இவ்வெதிர்ப்பு ஒரு காரணம். தூரத்துத் தலைநகர் ஒவ்வோர் ஊரின் காரியத்தையும் தீர்மானிப்பதை நான் விரும்புபவனல்லன். உள்ளூராட்சி என்னும் சொல் எம்மவர்க்கு எத்துணை அருமையானது என்பதையும் அறிவேன். அதனாலேயே ஹாவேர்த் என்னை அலைக்கழிக்கின்றது. “நாங்கள்” என்று கூறியவர்கள் யாவர்? 1848 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளூர்ச் சபைத் தேர்தலில் சொத்தின் பெறுமதிக்கேற்ப ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை இருந்தன. வரி இறுக்காதவர்க்கு ஒன்றேனும் இல்லை. ஊர் பேசியபோது பேசியது சொத்தே. இரவில் ஊற்றடியில் காத்திருந்தவர்களின் குரல் அதில் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்த எனக்கு இக்கணக்கு புதிதன்று. எங்கள் மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே விடுவது கிணற்றுக்கு இறங்கும். எங்கள் ஒழுங்கையில், கிணற்றருகே வெட்டிய குழியொன்றைப் பற்றி இரு வீட்டார் பல மாதங்கள் பிணங்கினர். குழியால் நீர் கெடும் என்பதை இருவருமே மறுக்கவில்லை. வேறிடத்தில் வெட்டும் செலவு யாருடையது என்பதே வழக்கு. அக்கிணற்றிலேயே தண்ணீர் அள்ளிய கூலிக் குடும்பத்தை எவரும் கேட்கவில்லை.

ஹாவேர்த்தில் 1851 இல் உள்ளூர்ச் சுகாதார சபை அமைந்தது. ஆயினும் நல்ல நீர் வந்து சேர மேலும் பல ஆண்டுகள் சென்றன. அதற்கிடையில் குருவானவர் கடிதம் எழுதுவதை விடவில்லை. 1848 செப்டெம்பருக்கும் 1849 மே மாதத்துக்கும் இடையில் தம் மக்கள் மூவரை இழந்தவர் அவர். அவர்களைக் கொண்டது காசநோய். குடிநீர் சீரடைவதால் அவர்கள் மீளப் போவதில்லை. எனினும் பிறர் பிள்ளைகளுக்காக அம்முதியவர் எழுதினார். 1861 இல் 84 ஆவது வயதில் அவர் மறைந்தார்.

உள்ளூராட்சி வேண்டும் என்போருள் நானும் ஒருவன். ஆனால், ஊரின் பெயரால் எவரேனும் பேசும்போது, அவ்வூரில் தண்ணீர் அள்ளுவோர் யாவர், அவர்கள் என்ன கூறினர் என்று கேட்கும் பழக்கத்தை ஹாவேர்த் எனக்குக் கற்பித்திருக்கின்றது. பட்டம் பெற்று ஊர் திரும்பும் எம் போன்றோரிற் பலர் நாளை வரியிறுப்போர் பக்கத்திலேயே அமரப் போகின்றோம். அவ்விடத்தில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பது எளிதன்று.