கட் ஆஃபுக்கு அப்புறம்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போத்தனூரில் டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒரே கேள்விதான்: "பாப்பாவுக்கு கட் ஆஃப் எவ்வளவுங்க?"

எஞ்சினியரிங் கட் ஆஃபில் கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, ஆக 200. கணக்கில் ஒரு மார்க் குறைந்தால் கட் ஆஃபில் ஒன்று போகும். பிசிக்ஸில் குறைந்தால் அரை போகும். அந்த அரை மார்க்குக்குள் எத்தனையோ பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். இரண்டு பேர் சமமாக வந்தால் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள், பிறகு பிசிக்ஸ், அப்படியே போய் பிறந்த தேதிக்கு வருவார்கள். முன்னே பிறந்தவருக்கு முன்னுரிமை. அதிலும் சமமென்றால் ரேண்டம் எண். இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளையின் அறிவை எடை போடும் சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தக் கேள்வியைக் கேட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பையனைத் தலைகுனிய வைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரயில்வே காலனியிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதைப் பார்த்தாயிற்று. மார்க் இருந்தும் நல்ல கல்லூரியைத் தவற விட்ட பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஆளில்லை.

கிண்டி பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியது. அங்கே ஒரு பெண் படிக்க 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் சில மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். குயின் மேரீஸில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு எஞ்சினியரிங் படிக்க ஆசைப்பட்டார். அவருடைய அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டியிலேயே எலக்ட்ரிக்கல் பேராசிரியர். முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார், கல்வித்துறை இயக்குநர் ஸ்டேதமின் ஒப்புதலும் கிடைத்தது. லலிதாவுக்குத் துணையாக இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையில் லலிதாவின் பங்கு இருந்தது. அந்தக் காலத்தில் அவரைப் போல் படிக்கக்கூடிய பெண்கள் தஞ்சாவூரிலும் இருந்திருப்பார்கள், நம்ம கோயமுத்தூரிலும் இருந்திருப்பார்கள். யாரிடம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று அறிந்த ஒரு சுப்பா ராவ் அவர்கள் வீட்டில் இல்லை.

குறிச்சி சிட்கோவில் லேத் ஓட்டும் அப்பாவின் வீட்டில் இன்றைக்கும் அப்படி ஒருவர் இல்லை.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருப் பெண் ஒருத்தி எஞ்சினியரிங் கவுன்சலிங்குக்கான சாய்ஸ் லிஸ்டைக் கொண்டுவந்து காட்டினாள். பிரவுசிங் சென்டரில் போட்டுக் கொடுத்தது. முதலிடத்தில் பக்கத்திலிருந்த ஒரு தனியார் கல்லூரி, பஸ் வாசலுக்கே வருமாம். கிண்டி லிஸ்டிலேயே இல்லை. ஏன் கண்ணு என்றேன். "அதெல்லாம் நமக்கு எங்கீங்க தாத்தா கெடைக்கப்போவுது?" என்றாள்.

இந்த இடத்தில்தான் எத்தனையோ பேர் இடறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, லிஸ்டை மேலிருந்து கீழே பார்க்கும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிண்டியை மேலே போட்டுக் கிடைக்காமல் போனால் அடுத்த கல்லூரிக்கு வரும். அதனால் கீழே இருப்பது எதுவும் கை விட்டுப் போகாது. எளிதில் கிடைக்கும் கல்லூரியை முதலில் போட்டால், அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும்; கிண்டியில் இடம் காலியாக இருந்தாலும் அந்தப் பக்கமே திரும்பாது. ஆசைப்படுகிற வரிசையில் போட வேண்டும், பயப்படுகிற வரிசையில் போடக்கூடாது.

அன்று இரவு அவளும் அவள் அம்மாவும் நானும் உட்கார்ந்து லிஸ்டை மாற்றினோம். கிண்டி கிடைக்கவில்லை. தடாகம் ரோட்டில் இருக்கும் ஜி.சி.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. 1945-இல் ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய அரசுக் கல்லூரி. கட்டணமும் அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். பிரவுசிங் சென்டர் லிஸ்டில் அது ஒன்பதாவதோ பத்தாவதோ இருந்தது.

2018-க்கு முன்னால் கவுன்சலிங்குக்கு சென்னைக்கே போக வேண்டும். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸிலோ நீலகிரியிலோ ஏறி, காலையில் கிண்டி வளாகத்தில் போய் நிற்போம். அலைச்சல்தான். ஆனால் அங்கே பக்கத்தில் நிற்கும் வேறு ஊர் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். இப்போது எல்லாம் ஆன்லைன். செலவு மிச்சம், நல்லதுதான். கேட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் போனதும் நிஜம்.

விவரம் தெரியாத பயத்தில்தான் நம் பக்கத்துப் பெற்றோர் பலர் கடன் வாங்கி நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் பள்ளிகளில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டார்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டிய பள்ளிகள் இருந்தன. மார்க் வந்தது. அதே பிள்ளைகள் கல்லூரி முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்துவிட்டு அழுதார்கள், ஏனென்றால் அடிப்படை பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தது. 2017-இல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தி, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இதெல்லாம் காரணம். இடம் வாங்குவதற்காக மட்டும் படித்த படிப்பு, இடம் கிடைத்த பிறகு உதவாது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று வழி திறந்திருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இவற்றிலும் வந்துவிட்டது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டு அறிவித்தார்கள். "மெட்ராஸ் ஹாஸ்டலுக்குப் பணத்துக்கு எங்கீங்க போறது" என்று சொல்லி மகளை உள்ளூரிலேயே நிறுத்திய ஓர் அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

ஐ.ஐ.டி. விஷயத்தில் நாள் இன்னும் முக்கியம். ஜே.இ.இ. மெயின் முதல் தேர்வுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். மே மாதம் வந்து கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் குறைவான வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஐ.ஐ.டி.யில் 2016 முதல் டியூஷன் கட்டணம் கிடையாது. இதைப் பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளின் காதில் போட வேண்டும்.

படித்து வேலைக்குப் போய் செட்டிலான குடும்பங்கள் போத்தனூரில் நிறைய. உங்கள் பிள்ளைக்குச் சீட் வாங்கியபோது கற்றுக்கொண்டதை அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டால் அன்றைக்கே கையில் வராது. ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். சீட் ஒதுக்கியதும் ஏற்றுக்கொண்டோமா, மேலே உள்ளது கிடைக்குமா என்று காத்திருக்கிறோமா என்பதைக் குறித்த நாளுக்குள் சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்று சொல்லுங்கள்.

கவுன்சலிங் முடியும்வரை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் எடுத்து வாருங்கள். அப்பா அம்மாவில் ஒருவராவது கூட வந்தால் நல்லது. சென்னைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்ற பேச்சை அவர்களோடுதான் பேச வேண்டும்.