பாயிண்ட் தேய்க்கும் கை

சுங்கை புரோங்கில் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையை விட்டு உள்ளே தள்ளி, வயல் வாய்க்காலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பிரித்துப் போட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நான்கு காலில் நிற்கிறது நீளமான பெட்டி: சிகாகோவில் காட்லீப் கம்பெனி செய்த பழைய பின்பால் இயந்திரம். மின்னணுப் பலகை எதுவும் கிடையாது. புள்ளிகள்கூட உருளை சுழன்றுதான் ஏறும். நம்மூர் 230 வோல்ட் இதற்கு ஆகாது. பக்கத்திலேயே மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்.

பந்தை அடிக்கும் இடது மட்டைக்குத் தெம்பில்லை. பந்து பாதித் தூரம் ஏறி, வந்த வழியே உருண்டு வருகிறது.

"புது காயில் வாங்கியாந்துட்டேன் அங்கிள். மாத்திடுங்க," என்கிறான் இளைஞன்.

செம்பனைத் தோட்டத்தில் வயர்மேனாக இருந்த பெரியவர் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை. பொத்தானை அமுக்கி, விடாமல் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிறார். மட்டை மேலேயே நிற்கிறது. உள்ளே மெல்லிய ரீங்காரம்.

"நிக்குதுல்ல? அப்ப காயிலுக்கு ஒன்னுமில்ல தம்பி."

1947இல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற ஆட்டத்தில் இதே காட்லீப் ஆறு மட்டைகளை வைத்த பிறகுதான் பின்பாலில் ஆடுகிறவன் கைக்கு வேலை வந்தது. அதுவரை பெட்டியை இடித்தும் ஆட்டியும்தான் பந்தைத் திருப்ப வேண்டும். அந்த மட்டைக்குப் பலம் தரும் காயிலில் இரண்டு சுற்று: தூக்குவதற்குத் தடித்த கம்பி, தூக்கியதைப் பிடித்து வைக்க மெல்லிய கம்பி. மட்டை உச்சிக்குப் போகும்வரை ஒரு சின்ன சுவிட்ச் மெல்லிய சுற்றை ஒதுக்கி வைக்கிறது. உச்சியில் அது திறந்ததும் மின்சாரம் இரண்டு சுற்றிலும் ஓடிக் குறைந்துவிடும். திறக்காவிட்டால் காயில் கருகும். அழுக்கேறிச் சரியாக மூடாவிட்டால் தொடக்கத்திலிருந்தே தெம்பு இருக்காது.

பிளக்கைப் பிடுங்குகிறார். பெட்டியின் கண்ணாடியைக் கழற்றி, பந்தை எடுத்து, ஆட்டப்பலகையைத் தூக்கி முட்டுக் கொடுக்கிறார். காயிலுக்குள் ஓடும் பிளஞ்சரை விரலால் இழுத்துத் தள்ளிப் பார்க்கிறார். ஸ்லீவுக்குள் கருந்தூள். துணியால் துடைக்கிறார். இளைஞன் எண்ணெய்க் குப்பியை நீட்ட, தலையை ஆட்டி மறுக்கிறார். எண்ணெய் விட்டால் தூசி பசையாகிப் பிளஞ்சரைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் அந்தச் சுவிட்சைப் பார்க்கிறார். இரண்டு பாயிண்ட்டும் தீய்ந்து கறுத்துக் கிடக்கின்றன. மேசை இழுப்பறையிலிருந்து மெல்லிய அரம் ஒன்று வருகிறது. ஹோண்டா கப் பாயிண்ட் தேய்த்த அரம். அவசரமே இல்லை. இரண்டு இழுப்பு, ஒரு பார்வை. மறுபடி இரண்டு இழுப்பு. வெள்ளை தெரிந்ததும் துண்டுத்தாளை நடுவில் வைத்து உருவித் தூளை எடுக்கிறார். தகட்டைக் குறடால் இம்மியளவு வளைக்கிறார். மட்டையைக் கையால் தூக்கி, உச்சிக்குப் போனபோது மட்டும் பாயிண்ட் பிரிகிறதா என்று குனிந்து, நிமிர்ந்து, திரும்பக் குனிந்து பார்க்கிறார். இப்படிப் பார்த்த பிறகே மாற்றுகிற கைகள் இந்த வட்டாரத்தில் அருகி வருகின்றன. எனக்கு அது மனதை அறுக்கிற இழப்பு.

மின்சாரம் வருகிறது. 'டக்'கென்று அடி. பந்து மேல் வளைவில் மோதித் திரும்புகிறது. இளைஞன் முகமெல்லாம் சிரிப்பு.

"எவ்ளோ அங்கிள்?"

பெரியவர் மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு பியூஸைக் கழற்றுகிறார். பெட்டிக்குள் ஒட்டிய தாளில் 10 ஆம்பியர் என்றிருக்கிறது; கையில் இருப்பது 20.

"காசு அப்புறம். தஞ்சோங் காராங் போயி பத்து வாங்கிட்டு வா. அதுவரைக்கும் இது இங்கதான் இருக்கும்."

இளைஞன் சாவியை எடுக்கிறான். அவர் வலது மட்டையின் பாயிண்ட்டைப் பார்க்கக் குனிகிறார்.