எருக்குழிப் பூஞ்சை

2021-ல கொரோனாவோட சேர்ந்து கருப்புப் பூஞ்சைன்னு ஊரே நடுங்குச்சு இல்லையா? அந்த வகைப் பூஞ்சை எங்க எருக்குழியில எப்பவும் இருக்குறதுதான். நீங்க மாடித் தோட்டத்துக்கு வாங்குற மக்குன எருவுலயும் இருக்கும். அள்ளும்போது அதோட வித்து மூக்குக்குள்ள போகத்தான் செய்யும். ரத்தத்துல இருக்குற வெள்ளை அணுக்கள் அதை முளைக்கவிடாம தின்னு தீர்த்துடும்.

சர்க்கரை கட்டுக்கு மீறிப் போனாலோ, ஸ்டீராய்டு மருந்து நாள்கணக்கா ஓடினாலோ அந்தக் காவல் தளர்ந்துடும். அப்புறம் பூஞ்சை மூக்குப் பக்கத்துல வேர்விட்டு, ரத்தக்குழாயை அடைச்சு, சதையைச் சாகடிக்குது. கருப்பு அந்தச் செத்த சதையோட நிறம். கண்ணுக்குப் பரவி, கண்ணையே எடுக்க வேண்டி வந்தவங்க உண்டு.

எங்க அண்ணனுக்குச் சர்க்கரை. எரு அள்ளுறதை விடமாட்டார். மாத்திரையை மட்டும் மறந்துடுவார். மூக்குல துண்டு கட்டிக்கிறார், சரி. மாத்திரை டப்பாவை அண்ணிகிட்ட ஒப்படைச்சாச்சு.