கடிகாரக் கல்லும் புற்றுநோயும்

இல்லந்தோறும் தொங்கும் கடிகாரத்தின் முகப்பில் ‘குவார்ட்ஸ்’ என்று பொறித்திருப்பதை அன்பார்ந்த வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அது ஒருவகைப் படிகக் கல். மின்சாரம் பட்டதும் நொடிக்கு 32,768 முறை பிசகாமல் அதிர்ந்து நேரத்தை அளக்கிறது. இக்கல்லை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பாரிஸில் கண்டறிந்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் சகோதரர்கள். பியேரின் துணைவியார் மேரி கியூரி அம்மையார் 1898-இல் ரேடியத்தைக் கண்டறிந்த ஆய்வில் கதிர்வீச்சை அளக்க உதவியதும் இக்கல்லே. அந்த ரேடியம் பின்னர்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்டது.

இப்போது அதே கல்லைக் கொண்டு அந்நோயைக் கண்டறியவும் ஆய்வாளர் முயன்று வருகின்றனர். கோயில் மணியின் உட்புறத்தில் மெழுகை அப்பினால் நாதம் தாழுமல்லவா? கல்லின்மீது ஏதேனும் ஒட்டினாலும் அதிர்வு அவ்வாறே குறைகிறது. எவ்வளவு எடைக்கு எவ்வளவு குறையும் என்று 1959-இல் ஜெர்மானிய அறிஞர் சவுர்பிரை கணக்கு வகுத்தார். நொடிக்கு 50 இலட்சம் முறை அதிரும் கல்லில், ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கி, அவற்றுள் ஏறத்தாழ 18 கூறு ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் படிந்தாலே ஓர் அதிர்வு குறைந்துவிடும்! கல்லின்மேல் மெல்லிய பொன் பூசி, குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதில் பதிக்கின்றனர். புற்றுநோயாளரின் இரத்தத்தில் மிகுந்து காணப்படும் அப்புரதம் வந்து ஒட்டியதும், நம் செவிக்குக் கேளாத அவ்வதிர்வு தாழ்வதை மின்கருவி கேட்டுச் சொல்கிறது. கடிகாரத்துக்கும் வானொலிக்குமாகக் கோடிக்கணக்கில் செய்யப்படும் கல்லாதலால் அதன் விலையோ அற்பம். ஏழைகளை எண்ணி நாம் மகிழ்வது இதனாலேயே.

ஆயினும் இடர்கள் உள. இரத்தத்திலுள்ள வேறு புரதங்களும் கல்லில் ஒட்டிக்கொண்டு பொய்க்கணக்குக் காட்டும். குறித்த புரதம் மிகுந்திருப்பதாலேயே புற்றுநோய் என்றும் கூறிவிட முடியாது. முதியவர்க்குப் புராஸ்டேட் சுரப்பி வெறுமனே பருத்தாலும் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் உயரக்கூடும். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்த பின்னரே மருத்துவர் உறுதி கூறுவார். ஆகவே கருவி இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது.

குருவானவருக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் வினவலாம். நோயாளியின் வீட்டுக்கு நம்மைப் பெரும்பாலும் கடைசி நேரத்திலேயே அழைக்கின்றனர். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழம்பெயர் தந்த அச்சம் அது. நோயில்பூசுதல் சாகும் தறுவாயிலிருப்போர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கிணங்க, 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்கைச் சீர்திருத்திய பின்னும் அச்சம் அகலவில்லை. மருத்துவரையும் நம்மவர் அப்படியே தாமதித்து நாடுகின்றனர். நம் பங்கைச் சார்ந்த அன்னை ஒருவர் மார்பில் தட்டுப்பட்ட கட்டியை எட்டு மாதம் மறைத்தார். “மகள் கலியாணம் முடியட்டும் என்றிருந்தேன், சுவாமி” என்றார். அவருக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை; தம் விரலே அறிவித்துவிட்டது. வேண்டியிருந்தவை பேருந்துச் செலவும் உடன்வர ஒருவரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகம், வாய், கருப்பை வாய் ஆகியவற்றைக் கட்டணமின்றிச் சோதிக்கின்றனர் என்பதும் அவருக்குத் தெரியாது.

மரியாயின் சேனைச் சகோதரிகள் இருவர் அவரை அழைத்துச் சென்றனர். சிகிச்சை நடைபெறுகிறது. திருமணமும் குறித்த நாளிலேயே நம் கோயிலில் நிறைவேறிற்று.